கோரிமேடு தாண்டினால் பெட்ரோல் விலை ஏன் மாறுகிறது? ஒரு வெளியுறவுக் கொள்கையின் கதை

போன மாதம் அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துக்கொண்டு போனேன். திண்டிவனத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. கொஞ்சம் பெரிய வியாதி என்றால் ஒன்று சென்னை, இல்லாவிட்டால் ஜிப்மர். விடியற்காலையில் பஸ் பிடித்து, ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். துணைக்கு அக்கா பையனும் வந்தான். ஒன்பதாவது படிக்கிறான், வாய் சும்மா இருக்காது. கிளியனூர், மொரட்டாண்டி எல்லாம் தாண்டி கோரிமேட்டில் இறங்கும்போது கேட்டான்:

“மாமா, இங்க வந்ததும் ஏன் இவ்ளோ பெட்ரோல் பங்க், இவ்ளோ ஒயின் ஷாப்பு?”

“பாண்டிச்சேரி வந்துட்டோம்டா. இங்க வரி கம்மி.”

“அதான் ஏன்? சுத்தி நம்ம ஊருதானே இருக்கு. இது மட்டும் ஏன் தமிழ்நாட்டுல இல்ல?”

“இங்க பிரெஞ்சுக்காரன் ஆண்டான்.”

“அவன்தான் போயிட்டானே!”

நியாயமான கேள்வி. போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன கோடு அப்படியே இருக்கிறது. ஏன்? வரிசையில் நின்றபடி அவனுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது முழு பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இதற்குள் இன்னொரு பெரிய கேள்வியும் இருக்கிறது. வெளியுறவுக் கொள்கை என்றாலே டெல்லி, பாரிஸ், நியூயார்க், கோட்டு போட்டவர்கள் கை குலுக்குவது என்றுதான் நமக்குத் தோன்றும். ஒரு நாட்டு அரசு வெளிநாட்டோடு நடத்தும் விவகாரம் உள்ளூரில், நம்ம விழுப்புரம் ரோட்டில் எப்படி நடக்கும் என்பதைப் பார்க்க பாண்டிச்சேரியை விட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில் வரைபடம்

விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் பழைய ரோட்டில் போயிருப்பீர்கள். கோலியனூர், வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனை தாண்டி கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. அரியூர், வில்லியனூர் போனால் மறுபடி புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பயணத்தில் இத்தனை தடவை எல்லை மாறுகிறது. செல்போன் வராத காலத்தில் கடைப் பலகையில் எழுதியிருக்கும் மாநிலப் பெயரைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

இந்தத் துண்டு துண்டான வரைபடம் ஒரு போரின் மிச்சம். 18-ம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பகுதியில் அடித்துக்கொண்டார்கள். பாண்டிச்சேரி பலமுறை கை மாறியது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் முடிந்தபோது பிரான்சுக்கு அதன் இந்திய ஊர்களைத் திருப்பித் தருவது என்று முடிவானது. 1816-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரே வட்டமாக இல்லை, சிதறிய துண்டுகளாக. 

அந்தத் துண்டுகளுக்கு நடுவில்தான் நம்ம ஆட்களின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். ஏரி ஒரு பக்கம், அதில் பாயும் நிலம் இன்னொரு பக்கம். ஆங்கில அரசு தேடியவர்களுக்கு இந்த எல்லை அடைக்கலமாகவும் இருந்தது. 1908-ல் பாரதி வந்து பத்து வருஷம் இருந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தவர் திரும்பவே இல்லை. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலும் வந்துவிட்டது. பஞ்சும் நிலக்கரியும் இந்தியப் பக்கத்திலிருந்து போக, பாண்டிச்சேரி மில்களில் நூலும் துணியும் ஆயின.

யார் முடிவு செய்வது?

1947 ஆகஸ்ட் 15 அன்று விழுப்புரமும் திண்டிவனமும் சுதந்திர இந்தியாவில். பக்கத்து வயலான மதகடிப்பட்டு பிரான்சில். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் யார் தெரியுமா? (அன்று முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள்.) திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார். பாண்டிச்சேரி அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. ஆனாலும் அந்த விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இது நம் ஆட்சி அமைப்பின் அடிப்படை விதி. பின்னால் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் தெளிவாக இருக்கும். வெளியுறவு, உடன்படிக்கைகள், பாஸ்போர்ட், விசா, சுங்க எல்லை, சுங்க வரி எல்லாமே மத்தியப் பட்டியலில். போலீஸ், பொது ஒழுங்கு, மதுவரி எல்லாம் மாநிலப் பட்டியலில். 253-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெளிநாட்டோடு செய்த உடன்படிக்கையை நிறைவேற்ற வேண்டுமென்றால், மாநில விஷயத்தில்கூட நாடாளுமன்றம் சட்டம் போடலாம்.

கேட்க ரொம்ப ஒழுங்கான பங்கீடு மாதிரி இருக்கிறது. ஆனால் தரையில் பாருங்கள். எல்லையில் சுங்கம் வசூலிப்பவர் மத்திய அரசு ஊழியர். அங்கே கலவரம் வந்தால் ஓட வேண்டியது மாநில போலீஸ். பேச்சுவார்த்தை நடத்துவது டெல்லி. பேச்சுவார்த்தை முறிந்தால் மாட்டு வண்டியோடு ரோட்டில் நிற்பது வளவனூர்க்காரர்.

டெல்லியில் வெளியுறவை யார் பார்த்தார்கள்? நேருவே. 1947 முதல் 1964-ல் இறக்கும் வரை பிரதமர் பதவியையும் வெளியுறவுத் துறையையும் அவரே வைத்திருந்தார். அதனால் பாண்டிச்சேரி விஷயத்தில் உள்நாட்டு அரசியலும் வெளியுறவும் ஒரே மேசையில் முடிவாயின.

முதல் கருவி: பேச்சு

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. 1947 அக்டோபரில் மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத் போன்ற ஊர்களில் இருந்த சின்னச் சின்ன பிரெஞ்சு வணிகத் திடல்களை பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது. 1948 ஜூனில் இரண்டு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் யாரோடு இருப்பது என்பதை அந்தந்த ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்.

வங்கத்தில் இருந்த சந்திரநாகூர் 1949 ஜூனில் வாக்களித்தது. பெரும் பெரும்பான்மை இந்தியாவோடு சேர விரும்பியது. 1950-ல் கைமாறியது, 1952-ல் சட்டப்படியும் முடிந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை.

பாண்டிச்சேரியில் அப்படி நடக்கவில்லை. வாக்கெடுப்பை நடத்தும் முறையை முடிவு செய்ய வேண்டியவர்கள் நகரசபை உறுப்பினர்கள். 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலில் அடிதடி, கள்ள ஓட்டு என்று ஏகப்பட்ட புகார். ஜெயித்தது எதுவார் குபேரின் கட்சி. அன்றைக்கு அவர் பிரான்ஸ் பக்கம். 1951-ல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, நேர்மையான வாக்கெடுப்பு நடத்தும் சூழல் இங்கே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1952-ல் இந்தியா, ‘இனி வாக்கெடுப்பு வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள்’ என்று நிலையை மாற்றிக்கொண்டது.

பிரான்சுக்கு இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1946-ல் எழுதிய அவர்களது அரசியலமைப்பின் 27-ம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. சட்டத்தைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பாண்டிச்சேரியைக் கொடுத்தால் வியட்நாம்காரன், அல்ஜீரியாக்காரன் எல்லாம் ‘அவனுக்குக் கொடுத்தாயே, எனக்கு?’ என்று கேட்பானே!

இரண்டாவது கருவி: சுங்கச் சாவடி

பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியா இன்னொரு கருவியை எடுத்தது. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் ஒரு சுங்க ஒப்பந்தம் போட்டிருந்தன. அதனால் இரண்டு பக்கமும் சரக்கு தாராளமாகப் போய் வந்தது. 1949-ல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தென்னாற்காடு மாவட்டத்துக்குள் ஒரு சர்வதேச சுங்க எல்லை முளைத்தது. ரோடு ரோடாகச் சாவடி, சோதனை.

உடனே கடத்தல் பெருகியது. பிரெஞ்சுப் பக்கம் வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக இறங்கியது: தங்கம், கடிகாரம், மது. இந்தியப் பக்கமோ இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. போதாததற்கு ஓமந்தூரார் அரசு 1948 அக்டோபருக்குள் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கைக் கொண்டுவந்திருந்தது. ஒரு பக்கம் சொட்டுக்கூடக் கிடைக்காது, வயல் வரப்பைத் தாண்டினால் ஒயின். மாநிலத்தின் உள்நாட்டுக் கொள்கையும் நாட்டின் வெளியுறவுச் சிக்கலும் ஒரே வரப்பில் முட்டிக்கொண்டன.

எங்கள் ஆயாவுக்குப் பிறந்த வீடு திருபுவனை பக்கம், புகுந்த வீடு வளவனூர் பக்கம். நடந்தே போகிற தூரம். தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாத்திரத்தையும் புடவையையும் சாவடியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததை ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

“எங்க அம்மா கட்டிக் குடுத்த முறுக்கக்கூட பிரிச்சிப் பாத்தாங்கடா. வெளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சி ஊடு வந்து சேர. எங்க அம்மா ஊட்டுக்குப் போறதுக்கு நான் எவனுக்குக் கணக்கு சொல்லணும்?”

சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அது ஒரு வெளியுறவுக் கொள்கையின் அன்றாட முகம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இன்றைக்குச் செய்திகளில் ‘பொருளாதாரத் தடை’ என்று படிக்கிறோமே, அதுவும் இதுதான். தடை எந்த அரசின் மேல் போடப்படுகிறதோ அந்த அரசின் தலைநகரம் பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கும். சுமை முதலில் விழுவது எல்லையில் இருக்கும் ஆயாக்கள் மேல். பாரிஸில் யாரும் முறுக்கைப் பிரித்துக் காட்டவில்லை.

அதே சமயம் இந்தக் கருவி வேலை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாண்டிச்சேரியின் மில்லுக்குப் பஞ்சு, சந்தைக்கு அரிசி, வண்டிக்கு எண்ணெய் எல்லாம் இந்தியா வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1954-ல் கெடுபிடி இன்னும் இறுகியபோது, பிரான்சோடு இருப்பதால் லாபம் என்று நினைத்த உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கே கணக்கு மாறத் தொடங்கியது.

மூன்றாவது கருவி: உள்ளூர் அரசியல்

கணக்கை முதலில் மாற்றியவர் குபேர். பிரெஞ்சு அரசோடு அவருக்கு உரசல் முற்றியிருந்தது. 1954 மார்ச் 18 அன்று பாண்டிச்சேரிக் கொம்யூன்களின் மேயர்களும் உறுப்பினர்களும் வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31 அன்று குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றி, தற்காலிக அரசு என்று அறிவித்தார். வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். நெட்டப்பாக்கம் சுற்றிலும் இந்திய மண் சூழ்ந்த ஒரு துண்டு. பாண்டிச்சேரி நகரத்திலிருந்து பிரெஞ்சு போலீஸ் அங்கே போக வேண்டுமென்றால் இந்திய நிலத்தைக் கடந்தாக வேண்டும். இந்தியா விடுமா?

1816-ல் பிரான்சுக்குத் திரும்பிப் போன அந்தச் சிதறிய துண்டுகள் 1954-ல் இந்தியாவுக்கு உதவின.

இன்னொரு பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா. 1936-ல் மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் இறந்த காலத்திலிருந்தே தொழிலாளர்களின் தலைவர். அவருடைய ஆட்கள் கோட்டக்குப்பத்தைத் தளமாக வைத்து வேலை செய்தார்கள். கோட்டக்குப்பம் பாண்டிச்சேரி நகரத்தை ஒட்டி இருந்தாலும் இந்திய மண். ஏப்ரலில் திருபுவனைப் பகுதி அவர்கள் கைக்கு வந்தது. குபேரும் சுப்பையாவும் ஜென்ம வைரிகள். ஆனால் அந்த நேரத்தில் இருவரும் இழுத்தது ஒரே திசையில்.

சென்னையில் அதே ஏப்ரலில் ராஜாஜி விலகி, 13-ம் தேதி காமராஜர் முதலமைச்சரானார். டெல்லியின் கண்ணாக பாண்டிச்சேரியில் இருந்தவர் இந்தியத் துணைத் தூதரகத் தலைவர் கேவல் சிங். இந்தியாவின் அதிகாரபூர்வ நிலை என்ன? ‘இது பிரெஞ்சு இந்திய மக்களின் இயக்கம். நாங்கள் படை அனுப்பவில்லை.’ எழுத்துப்படி உண்மை. ஆனால் இயக்கத்தின் தளம் இந்திய மண்ணில் இருந்தது, எதிராளியின் போலீஸுக்கு வழி மறுக்கப்பட்டது, சரக்கு நிறுத்தப்பட்டது. ‘நான் கையைக்கூட ஓங்கலையே’ என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தி வைப்பது மாதிரி. எல்லா நாடுகளும் இதைச் செய்கின்றன. நம் நாடும் செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே கை மாறின. மிச்சம் பாண்டிச்சேரியும் காரைக்காலும்.

வியட்நாமில் விழுந்த கோட்டை, கீழூரில் விழுந்த ஓட்டு

கடைசித் தள்ளு வெளியுலகத்திலிருந்து வந்தது. 1954 மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூனில் பிரான்சில் ஆட்சி மாறி மாந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலையில் ஜெனிவாவில் இந்தோசீனப் போரை முடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய நாட்டையே விட்டு வந்த பிறகு, நாலு சின்ன ஊர்களுக்காக இந்தியாவோடு முறைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? இந்தியாவின் நட்பு பிரான்சுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது.

ஆனால் 27-ம் பிரிவு இருக்கிறதே, மக்கள் சம்மதம்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லா மக்களும் வாக்களிக்க வேண்டாம், அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாக்களித்தால் போதும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சின்ன கிராமத்தில் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. மூன்று நாளில் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையரானார். பின்னாளில் அவர் நாட்டின் வெளியுறவுச் செயலாளராகவும் ஆனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1948-ல் இரண்டு அரசுகளும் பாண்டிச்சேரி மக்களிடம் ‘நீங்கள் ஒவ்வொருவரும் வாக்களிப்பீர்கள்’ என்று சொன்னார்கள். அந்த வாக்குரிமை வரவே இல்லை. கீழூரில் ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் எந்த மாதிரித் தேர்தல்களில் ஜெயித்து வந்தவர்கள் என்பதையும் மேலே பார்த்தோம். முழு வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் இந்தியாதான் ஜெயித்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ஒருவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் யூகிப்பதும், அவரைக் கேட்பதும் ஒன்றாகாது.

எட்டு வருஷம் அந்தரத்தில்

பையனுடைய கேள்விக்கான உண்மையான விடை இனிமேல்தான் வருகிறது.

1954-ல் வந்தது நிர்வாகம் மட்டும். சட்டப்படி மண் இன்னும் பிரான்சுடையது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தானது. ஆனால் அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். அந்த நேரத்தில் அல்ஜீரியாவில் போர். ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று கத்திக்கொண்டிருந்த நாடாளுமன்றத்திடம், பாண்டிச்சேரியைக் கொடுக்க அனுமதி கேட்க எந்த அரசுக்கும் தைரியம் இல்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள்.

அதுவரை பாண்டிச்சேரியை டெல்லியில் எந்தத் துறை பார்த்துக்கொண்டது? உள்துறை இல்லை. வெளியுறவுத் துறை! 1947-ல் போட்ட வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின்கீழ் நிர்வாகம் நடந்தது. விழுப்புரத்துக்குக் கலெக்டர், பக்கத்து வில்லியனூருக்கு வெளியுறவு அமைச்சகம்.

இது வெறும் காகித விஷயம் என்று நினைக்காதீர்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒரு பஸ் பர்மிட் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. மஸ்தான் சாகிப் வழக்கு என்று சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். அடிப்படை உரிமை மீறப்பட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால் நீதிபதிகளுக்கு இன்னொரு கேள்வி வந்தது: பாண்டிச்சேரி இந்தியாவின் நிலப்பகுதியா? மத்திய அரசையே கேட்டார்கள். ‘இன்னும் இல்லை’ என்று அரசு பதில் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எந்த மண் நாட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லும் வேலை அரசுடையது, அதில் நீதிமன்றம் தனியாகக் கணக்குப் போடாது என்பது அதன் பொருள். ஒரு பஸ் பர்மிட்டுக்காக வந்தவருக்குக் கிடைத்தது சர்வதேசச் சட்டப் பாடம்.

1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றம் பாண்டிச்சேரி உடன்படிக்கையை ஏற்றது. ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் கைமாறின. அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் இன்றும் கொடி ஏற்றுகிறார்கள்.

அப்போ ஏன் தமிழ்நாட்டோடு சேரவில்லை?

ஏனென்றால் சேர்க்க மாட்டோம் என்று பிரான்சுக்கு எழுதிக் கொடுத்ததுக்குக் கிட்டத்தட்ட சமம். 1956 உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு இப்படிப் போகிறது: 1954 நவம்பருக்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதில் மாற்றம் வேண்டுமென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யலாம். மக்களின் பிரதிநிதிகள் வேறு மாதிரி முடிவு செய்யாத வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாக இருக்கும் என்றும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இன்றைக்கும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகின்றன. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீடுகள் பாண்டிச்சேரி, காரைக்காலில் எல்லோருக்கும் தெரிந்தவை.

வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே உள்நாட்டுச் சட்டமாக மாறியது. 1962-ல் 14-வது அரசியலமைப்புத் திருத்தம் பாண்டிச்சேரியை ஒன்றிய பிரதேசமாக்கியது. 1963-ல் சட்டமன்றம் வந்தது. குபேரே முதலமைச்சரும் ஆனார்.

இந்த வாக்கைத் தொட்டுப் பார்த்தவர் மொரார்ஜி தேசாய். 1979 ஜனவரியில் பாண்டிச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சை எடுத்தார். ஊரே கொந்தளித்தது. கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. பேச்சு அத்தோடு நின்றது. பிரான்ஸ் அப்போது வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. தனி அடையாளம் அதற்குள் மக்களுடைய சொத்தாகிவிட்டது.

தனி அரசு என்றால் தனி வரி. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு சோப்புக்கும் சட்டைக்கும் இரண்டு பக்கமும் ஒரே வரிதான். ஆனால் பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அதனால் அந்தப் பழைய கோடு இன்றைக்குப் பளிச்சென்று தெரியும் இடம் பெட்ரோல் பங்க்கும் ஒயின் ஷாப்பும்தான். கோரிமேட்டில் அவன் பார்த்தது அதைத்தான்.

கோவாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இதே நேருவுக்கு, இதே காலத்தில், இதே மாதிரி இன்னொரு பிரச்சினை இருந்தது: போர்ச்சுகல் கையில் இருந்த கோவா. அங்கேயும் பேச்சு, அங்கேயும் பொருளாதாரத் தடை. ஆனால் போர்ச்சுகலில் சலாசாரின் சர்வாதிகாரம். கோவா காலனியே அல்ல, போர்ச்சுகலின் ஒரு மாகாணம் என்றே சாதித்தார். 1955 ஆகஸ்ட் 15 அன்று எல்லை தாண்டிப் போன சத்தியாகிரகிகளை போர்ச்சுகீசியர் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் இரண்டே நாளில் கோவாவைப் பிடித்தது.

ஆக, ஒரு அரசின் வெளியுறவுக் கொள்கை என்பது அதன் கொள்கைப் பிரகடனத்தில் மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. பிரான்சில் ஆட்சி மாறியது, எதிர்க்கட்சி இருந்தது, மக்கள் போரால் களைத்திருந்தார்கள். அதனால் காத்திருப்பது பலித்தது. லிஸ்பனில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

பாண்டிச்சேரிக்கு 15 வருஷம் ஆனது. ராணுவம் இறங்கவில்லை. அந்தப் பொறுமையால் கிடைத்ததில் ஒன்றுதான் நாங்கள் வரிசையில் நின்ற இடம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியை 1956-ல் இந்திய அரசு மருத்துவக் கல்லூரியாக எடுத்து நடத்தியது. 1964-ல் அதற்கு ஜிப்மர் என்று பெயர் வந்தது. திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, மரக்காணம் என்று எத்தனை ஊர் ஜனங்கள் இன்று அதை நம்பி இருக்கிறார்கள்! டெல்லி நேரடியாகப் பொறுப்பேற்ற இடம் என்பதால்தான் ஒரு மத்திய மருத்துவமனை நம்ம வாசலில் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கமாகப் பையனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது இதுதான்:

“அப்போ கொள்ளு ஆயாகிட்ட யாராவது ஓட்டுக் கேட்டாங்களா மாமா?”

இல்லை. ஆயா பிறந்த ஊர் யாரோடு சேர வேண்டும் என்று 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். பாரிஸ் கேட்டது, டெல்லி கேட்டது, உச்ச நீதிமன்றம்கூடக் கேட்டது. சாவடியில் முறுக்குப் பொட்டலத்தோடு நின்றவளை ஒருவரும் கேட்கவில்லை. முடிவு நல்ல முடிவுதான் என்று நான் நம்புகிறேன். அப்படியிருந்தும் அவன் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபடி செக்கப். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போய், அப்படியே கீழூரையும் காட்டிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.